எடைக்குள் அடங்காத மேவிஸ்

நெப்ராஸ்காவில் முப்பத்தொரு வருஷம் பள்ளிச் சமையலறையில் வெந்து தீர்ந்த மேவிஸ், ஓய்வு பெற்றதும் தன் வீட்டை விற்றாள். விற்றாள் என்பதைவிட, புருஷன் டர்வுட் விற்க வைத்தான் என்பதே சரி. காரும் போயிற்று. பதிலுக்கு ஒரு பிக்கப் லாரியும், அதன் முதுகில் மூக்கை ஏற்றிக்கொண்டு பின்னால் உருளும் டிரெய்லர் வீடும் வந்தன. இனி குளிர்காலம் அரிசோனாவின் யூமா ஊரில், கோடை மலைப்பக்கம்.

லாரி எவ்வளவு இழுக்கும் என்று விற்பனைக்காரன் சொன்னதை டர்வுட் மந்திரம் போல ஒப்பித்தான். எவ்வளவு சுமக்கும் என்று அவனும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. அது லாரிக் கதவோரத்தில் ஒட்டிய சின்னத் தாளில் இருந்தது: ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது. டிரெய்லரின் மூக்கு அழுத்துகிற பாரமும் அதில்தான் சேரும். பொடி எழுத்தைப் படிக்கிற பொறுமை இருந்தால் அவன் டர்வுட் இல்லையே!

முதல் பயணத்திலேயே லாரியின் பின்பக்கம் அமுங்கி, முகப்பு வானத்தைப் பார்த்தது. பயந்துபோய் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க்கின் எடைமேடையில் ஏற்றினார்கள். முன்னூறு பவுண்டு அதிகம்.

“டிரெய்லர் மூக்குல இருக்கிற படுக்கையறைதான் லாரி மேல உக்காந்திருக்கு. உன் அலமாரியைக் காலி பண்ணு,” என்றான்.

தையல் மெஷின் இறங்கியது. இரும்புச் சட்டிகள், துணி மூட்டைகள், பாதி தைத்த மெத்தை விரிப்பு எல்லாம் இறங்கின. பெட்ரோல் போட வந்த முன்பின் தெரியாத ஒருத்தியிடம் அத்தனையும் கொடுத்தாள்.

“உன் ஜெனரேட்டரு? அந்த ஸ்பேனர் பெட்டி?”

“வழியில ஏதாவது உடைஞ்சா உன் துணிய வச்சா ரிப்பேர் பண்றது?”

மறுபடி எடை. இன்னும் நூற்று முப்பது அதிகம். மேவிஸ் லாரிக் கதவைப் படாரென்று திறந்தாள். இறங்கி ஓரமாய்ப் போய் நின்றாள். மேடைதான் பொய் சொல்கிறது என்று சாதித்தவன், மூன்றாம் தடவை ஏற்றினான். எடைச் சீட்டை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“பாத்தியா, சொன்னேன்ல! இருபது பவுண்டு மிச்சம்!”

“நான் கீழ நிக்கிறேன், டர்வுட்.”

அவன் சீட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஜெனரேட்டரைப் பார்த்தான். அந்த மூன்றாவது பார்வையை மேவிஸ் மன்னிக்கவே இல்லை.

“கண்ணு... யூமாவுக்கு பஸ் இருக்குமே? இந்த ஒரு தடவ மட்டும்.”

அந்த ஒரு தடவை ஆறு வருஷம் நீண்டது. விற்ற வீடு திரும்பாது; வேறு போக்கிடமும் இல்லை. ஊர் மாறும்போதெல்லாம் வீடு முன்னால் போகும், வீட்டுக்காரி பஸ்ஸில் பின்னால் போவாள்.

புதிதாக டிரெய்லர் வாங்கியவர்கள் முகாமில் டர்வுட்டிடம் யோசனை கேட்க வருவார்கள். மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்வான்: “ஒரு பவுண்டு கூட கூடுதலா நான் ஏத்துனதில்லப்பா. சொந்த பொருள் எதையும் விடுறதுக்கு மனசு வேணும்.”

மேவிஸ் அந்நேரம் பஸ் நிலையத்திலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்து வந்துகொண்டிருப்பாள்.