குணம் அண்ணையின் நீளக் கார்

சுவிட்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில், பழைய கார்களை உடைக்கும் முற்றத்தில் மழைத் தூறலில் நிற்கிறோம். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் குணம் அண்ணை தன் அமெரிக்க ஸ்டேஷன் வேகனைக் கொடுத்துவிட வந்திருக்கிறார். படகு போல நீண்ட கார். பக்கங்களில் ஒட்டிய மரநிறத் தாள் உரிந்து தொங்குகிறது. அடிப்பகுதி முழுக்கத் துரு. இந்த முறை அரசு வாகனச் சோதனையில் தேறவில்லை.

நம்பர் பிளேட்டுகளை அவரே கழற்றிக் கோட்டுக்குள் வைத்துக்கொள்கிறார். இந்த நாட்டில் அவை காருக்கல்ல, ஆளுக்குச் சொந்தம்.

"கோயிலுக்கு எட்டுப் பேர் போவம், தம்பி. பிள்ளையள் மூண்டு பேரும் கடைசி சீட்டில பின்பக்கம் பாத்தபடி இருப்பினம். பின்னால வாற கார்க்காரருக்கெல்லாம் கை காட்டுவினம்."

"இன்னைக்குக் குடுக்கிறது அவங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"ஓம், படம் எடுத்து அனுப்பினனான். மூண்டு பேரும் அழுற முகம் ஒண்டு போட்டவை."

பிறகு அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழங்களை எடுத்து, முன் டயர்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைக்கிறார்.

"எங்க போறதெண்டாலும் தேசிக்காய் வச்சுத்தான் எடுப்பன்."

முற்றத்து வேலையாள் பார்த்துவிட்டுக் கிரேனில் ஏறுகிறார். கிரேனின் இரும்பு விரல்கள் கண்ணாடிகளை உடைத்து உள்ளே இறங்குகின்றன. கார் நேராக மேலே எழும்புகிறது. கடைசி சீட் ஆளில்லாமல் எங்களைப் பார்த்தபடி போகிறது.

"கார்ச் சில்லு உருளவேயில்லை, தம்பி" என்கிறார் அண்ணை.

ஈரத் தரையில் இரண்டு பழங்களும் நசுங்காமல் கிடக்கின்றன.