அம்மா பறித்த பேரிக்காய்கள்

நேற்று பதுளை கடைவீதியில் ஆப்பிள் வாங்கினேன். ஒவ்வொன்றுக்கும் வெள்ளை வலைச் சட்டை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். சின்ன வயதில் மார்கழிக் குளிருக்கு எனக்கே ஒழுங்கான சட்டை இருந்ததில்லை. "அடிபடாம இருக்கத்தாங்க" என்றார் கடைக்காரர். அம்மா நினைவு வந்துவிட்டது.

எங்கள் தேயிலைத் தோட்டம் பூனாகலைப் பக்கம். ஆப்பிளை நாங்கள் படத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் ஆளில்லாத பழைய துரை பங்களாவுக்குப் பின்னால் பேரி மரங்கள் நின்றன. ஆவணி கடைசியில் காய்த்துத் தள்ளும். தொண்ணூறுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவல்காரரிடம் கேட்டுக்கொண்டு குடும்பமாகப் போனோம்: அப்பா, அம்மா, அக்கா, நான். இருந்ததில் நல்ல துணியாக உடுத்திக்கொண்டு, ஏதோ கதிர்காமம் கோயிலுக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி.

போனது தின்பதற்கு இல்லை. அக்கா சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியிருந்தாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் ஒரு வேலை காலி என்று பேச்சு. தோட்ட ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயா மனது வைத்தால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் கொழும்பில் யார் வீட்டிலோ சமையல் வேலை. அதற்குத் தரகர் வந்து பேசிவிட்டும் போயிருந்தார். வெறுங்கையோடு போய் எப்படிக் கேட்பது என்றுதான் அம்மா பேரிக்காய் பறிக்க வந்தாள்.

அப்பா கிளைகளை வளைத்துக் கொடுத்தார். நான் பறித்ததைவிடத் தின்றதே அதிகம். அம்மா கொழுந்துக் கூடையைத் தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கவிட்டு, இரண்டு கையாலும் பறித்துப் பறித்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் எறிந்துகொண்டே போனாள். கொழுந்தெடுத்துப் பழகிய கை. வேறு விதமாகப் பறிக்க அதற்குத் தெரியாது. கூடைக்குள் தொம் தொம்மென்று விழுந்த சத்தம் எங்கள் ஒருவர் காதிலும் ஏறவில்லை. அக்கா பாடிக்கொண்டிருந்தாள். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அன்றுதான் கடைசி.

மறுநாள் சாயந்தரம் கூடையைக் கவிழ்த்தால் காயெல்லாம் கன்றிக் கறுத்திருந்தது. தேறியதைப் பொறுக்கிக்கொண்டு கிளாக்கர் வீட்டுக்குப் போனோம். அவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள்.

"இதென்ன, எல்லாம் அடிபட்டுக் கிடக்கு? சரி, வையுங்கோ" என்றார் அவர் மனைவி.

கிளாக்கர் வாசலுக்கு வந்து, அம்மா சொன்னதை முழுதாகக் கேட்டார். "அந்த வேலைக்குப் போன கிழமையே ஆள் எடுத்தாச்சே" என்றார். நல்ல மனிதர்தான். முகத்தில் வருத்தம் இருந்தது.

திரும்பும் வழியில் அம்மா, "காய் நல்லா இருந்திருந்தா அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டாரு" என்றாள்.

"போன வாரமே ஆளு போட்டாச்சுன்னுதானே சொன்னாரு, புள்ள" என்றார் அப்பா.

அம்மா நம்பவில்லை. சாகும்வரை நம்பவில்லை. தன் கைதான் மகளைக் கொழும்புக்கு அனுப்பியது என்றே போய்ச் சேர்ந்தாள்.

அக்கா கொழும்பிலிருந்து இரண்டு தீபாவளிக்கு வந்தாள். பிறகு அந்த வீட்டுக்காரர்கள் மூலமாக வெளிநாடு போனாள் என்று கேள்வி. எந்த நாடு என்று கேட்கப் போனபோது அந்த வீட்டில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அப்பா இறந்த வருஷ மழைக்காலத்தில், மண் சரியும் என்று சொல்லி, எங்கள் லயத்து வரிசை வீடுகளையும் காலிசெய்ய வைத்து, பிறகு இடித்துப்போட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் ஆளுக்கொரு பக்கமாகக் குடியேற்றினார்கள். நான் பதுளைக்கு வந்துவிட்டேன்.

அக்கா உயிரோடு இருக்கிறாள் என்றே வைத்துக்கொள்வோம். ஒருநாள் திரும்பியும் வருகிறாள். எங்களைத் தேடி வர அவளுக்குத் தெரிந்த இடம் அந்த லயம் ஒன்றுதான். அங்கே இப்போது மானாப் புல்தான் வளர்ந்திருக்கிறது. நாங்கள் எங்கே போனோம் என்று அவளுக்குச் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை.