இரண்டு பேர் வண்டியில் மூன்றாவது ஆள்

டிரைவர் வேலையில் வண்டி ஓட்டுவது கொஞ்சம்தான். மீதியெல்லாம் அடுத்தவர் வீட்டு வாசலில் காத்துக் கிடப்பது. நீங்களும் ஒரு முதலாளிக்குக் கார் ஓட்டிப் பிழைத்தவர் என்றால் இதற்குமேல் நான் விளக்க வேண்டாம். தலையை ஆட்டிக்கொண்டே படிப்பீர்கள்.

என் பெயர் சுடலைமுத்து. நாகர்கோவில் பக்கம். பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், யுத்தத்துக்கு முந்திய அந்த நல்ல காலத்தில் திருவனந்தபுரம் வந்து, கரமனை அக்கிரகாரத்து டாக்டர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். ஊரே அவரை டாக்டர் சாமி என்றுதான் கூப்பிடும். தங்கமான மனுஷன். ஆனால் கார் வாங்கத் தெரியாதவர்.

வண்டி வந்த அன்று

மலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்ற வண்டி அது. பந்தயத்துக்கு ஓடுகிற சாதி. பாசிப் பச்சை நிறம். நீளமான மூக்கு, மூக்குக்குக் குறுக்கே ஒரு தோல்பெல்ட், கூரை கிடையாது. கைபிரேக் வண்டிக்கு வெளியே இருக்கும். ரப்பர் குமிழ் வைத்த ஹாரனும் வெளியேதான். பார்த்த உடனே நான் சொக்கிப்போய்விட்டேன். பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்ததில்லை, என் பெண்டாட்டி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

தெருவே கூடிவிட்டது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூஜை செய்ய வந்த சாஸ்திரிகள் சந்தனத்தை எங்கே வைப்பது, இதற்கு நெற்றி எது என்று வண்டியை இரண்டு தடவை சுற்றி வந்தார். டாக்டர் சாமி பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். அவருக்கு ஓட்டத் தெரியாதல்லவா? அதனால் பக்கத்தில் நான். அவ்வளவுதான், வண்டி நிறைந்துவிட்டது! பின்னால் சீட்டே கிடையாது; பெட்ரோல் டாங்கும் ஒரு உபரிச் சக்கரமும்தான். ஆரத்தித் தட்டோடு வந்த அவர் சம்சாரம் பர்வதம்மாள் வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“ஏன்னா, ரெண்டு பேர் உக்கார்ற வண்டியாக்கும் இது. நீங்களும் சுடலையும்!”

சத்தமே மருந்து

எங்கள் வண்டி கிள்ளியாற்றுப் பக்கம் திரும்பும்போதே வலியசாலையில் கேட்கும், அப்படி ஒரு உறுமல். ஸ்ரீவராகத்தில் கோயில் மடப்பள்ளிக்காரர் ஒருவர் வயிற்றுவலி என்று படுத்தே கிடந்தார். நாங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் மனுஷன் எழுந்து வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். டாக்டர் சாமி வயிற்றை அமுக்கிப் பார்த்தால், வலியைக் காணோம்.

போகும்போது டாக்டர் சாமி மருந்து எழுதப் போனார். அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு மடப்பள்ளிக்காரர் சொன்னார்:

“மருந்தெல்லாம் வெறுதே எதுக்கு? அடுத்த தடவை வலிச்சா வண்டியை மட்டும் அனுப்பிச்சா போறும்.”

வெள்ளாயணியில் விடிந்த காலை

நேமம் தாண்டி வலப்பக்கம் பிரியும் ஊடுவழியில் போனால் வெள்ளாயணிக் காயல். ஒரு பிரசவக் கேசு பார்த்துவிட்டு அந்த வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வெளிச்சம் வருகிறது. தென்னந்தோப்புக்குள் மூடுபனி இடுப்பளவுக்கு நிற்கிறது. மரங்களுக்கு அடியே கிடையாது, அந்தரத்தில் மிதக்கின்றன. வண்டிகூட உறுமலைக் குறைத்துக்கொண்ட மாதிரி எனக்குப் பட்டது. ஒரு இறக்கம் இறங்கி, சுமைதாங்கிக் கல் பக்கம் இடது கைக்குத் திரும்பினால், காயல் அப்படியே விரிந்து கிடக்கிறது. கண்ணுக்கு எட்டுகிற மட்டும் தாமரை. பாதி விரிந்தது, பாதி விரியாதது. தோணியில் ஒரு ஆள் பூப்பறித்துக்கொண்டிருக்கிறான், தண்ணீர் அசைகிற சத்தம்கூட இல்லை.

சாமி நிறுத்தச் சொன்னார். என்ஜினை அணைத்தேன். எவ்வளவு நேரம் இருந்தோமோ தெரியாது. கனவுக்குள் யாரோ எங்களைக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்த மாதிரி இருந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். பக்கத்தில் என்னைப் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். என் முகத்தில் யாரைத் தேடினார் என்று எனக்குத் தெரியாதா?

“இதைப் பர்வதம் பாக்கணும். சுடலை, நேக்கு ஓட்டக் கத்துக்குடு.”

பழவங்காடி ஸ்டாண்டில்

என் சங்கடம் உங்களுக்குப் புரிந்திருக்கும். இரண்டு சீட்டு வண்டி. முதலாளி ஓட்டக் கற்றுக்கொண்டால் எனக்கு அதில் இடம் ஏது? மறுபடியும் நாகர்கோவில் பஸ்ஸா? அந்தப் பச்சை வண்டியை விட்டுவிட்டா? மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் கேட்ட விதம் அப்படி.

பழவங்காடியில் எங்கள் ஊர்ப் பக்கத்து டாக்ஸி டிரைவர் ஒருவர் உண்டு, ஆறுமுகம். அவரிடம் போய்ப் புலம்பினேன். பீடியை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டுவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உம்ம சீட்டை நீரே துடைச்சுக் குடுக்கப் போறேரு. உமக்கு என்ன கிறுக்காவே பிடிச்சிருக்கு?”

நாடி

சங்குமுகம் கடற்கரைச் சாலையில் பாடம் ஆரம்பித்தோம். ஐயா, டிரைவிங் சொல்லிக்கொடுத்த சகோதரர்களே, நீங்கள் பட்ட பாட்டை நானும் பட்டேன். டாக்டர் சாமிக்கு கிளட்சை அழுத்தினால் வண்டிக்கு வலிக்குமோ என்று பயம். கோழி ஒன்று தூரத்தில் தெரிந்தாலும் ஹாரனைப் பிடித்துக்கொள்வார்; கோழி போன பிறகும் விடமாட்டார். எது வந்தாலும் முதலில் ஹாரன், அப்புறம்தான் பிரேக். எத்தனை சொல்லியும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆனால் கடல் காற்றில் அவர் முடி பறக்க, வண்டி தானாக மிதக்கிற மாதிரி நேராகப் போகும் ஒரு சில நிமிஷம் வரும். அப்போது சாமி சின்னப் பையன் மாதிரி சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும்; என் வேலை போகப்போகிற கவலைகூட மறந்துபோகும். ஒரு நாள் அப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஸ்டீயரிங்கின் மேல் இரண்டு விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் பாய்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன்.

“இதுக்கு நாடி எங்கேயாக்கும் ஓடறது?”

அடுக்களைப்புறத்தில்

ஒரு நாள் காப்பி வாங்கப் பின்பக்கம் போனேன். பர்வதம்மாள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், கொடுக்கவில்லை. “அவருக்கு ஓட்ட வந்துடுத்தா?” என்று மெல்லக் கேட்டார்.

இன்னும் வரவில்லை அம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் சீட்டு எனக்கு. நாக்கு நுனிவரை வந்தது. அந்த வீட்டில் மாமனார், மைத்துனர்கள், நாத்தனார்கள் என்று ஒரு பட்டாளம். கோயிலுக்குப் போனால் ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். மாட்டு வண்டியிலும் அப்படியே. அந்த அம்மா முகத்தைப் பார்த்தேன். “வந்துவிட்டது அம்மா” என்றேன். சீட்டு போச்சு, ஆனாலும் மனசு ஏனோ லேசாக இருந்தது. அவர் டம்ளரை நீட்டினார்.

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துலே அவர் பக்கத்துலே உக்காந்து நான் எங்கேயும் போனதில்லே, சுடலை.”

பாக்கி வைத்த தேங்காய்

வெள்ளிக்கிழமை காலை இரண்டு பேரும் வெள்ளாயணிக்குக் கிளம்பினார்கள். முதலில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனார்கள். அதுவரை நான் வண்டிக்குப் பக்கமாக என் பழைய சைக்கிளில் போனேன். போகிற காரியம் நல்லபடி நடக்க ஒரு தேங்காய் உடைப்பது எல்லோரும் செய்வது. பர்வதம்மாள் இரண்டு வாங்கினார். போவதற்கு ஒன்று; நல்லபடி திரும்பி வந்தால் உடைக்க இன்னொன்று. அந்த இரண்டாவதைக் காலடியில் போட்டுக்கொண்டார். கடவுளிடம் பாக்கி வைத்தால்தான் அவர் பத்திரமாகத் திருப்பி அழைத்து வருவார் என்பது அந்த அம்மாவின் கணக்கு.

“நீ வீட்டுக்குப் போ சுடலை” என்று சாமி சொல்லிவிட்டார். எங்கே போவது? நல்லபடி திரும்பினால் என் வேலை போச்சு, திரும்பாவிட்டால் என் வண்டி போச்சு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, பின்னாலேயே மிதித்தேன். அவர் ஓட்டுகிற வேகத்துக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. ஊடுவழி வந்ததும் வயல் வரப்பில் குறுக்கே விழுந்து, அவர்களுக்கு முன்னால் காயல் கரைக்குப் போய்விட்டேன்.

இறக்கத்தின் தலைப்பில் பச்சை மூக்கு தெரிந்தது. பிறகு இரண்டு தலைகள், பக்கத்தில் பக்கத்தில். அந்த அம்மா முந்தானை பின்னால் பறக்கிறது. அடடா, என்ன அழகு! திருப்பத்துக்கு முன்னால் வேகம் குறைய வேண்டுமே, குறையவில்லை. ஹாரன் மட்டும் விடாமல் அலறுகிறது. “கைபிரேக் சாமீ, கைபிரேக்!” என்று கத்தினேன். கைபிரேக்கை இழுக்க வேண்டிய கையில்தான் ஹாரன் இருந்தது. இடது மட்கார்டு சுமைதாங்கிக் கல்லில் மோதிப் பிய்ந்து வந்தது, ஒரு விளக்கு நொறுங்கியது, வண்டி தாழம்புதரைப் பிளந்துகொண்டு தாமரைக்கு நடுவே போய்ச் சேர்ந்தது. புஸ் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

பூப்பறிக்கிற தோணிக்காரன் துடுப்பைத் தூக்கியபடியே நின்றான். மலையாளத்தில் கேட்டான், கேலியே இல்லாமல்:

“அய்யோ ஸாமீ, காறு குளிக்கான் இறங்ஙியதாணோ?”

காயலுக்குள்

இடுப்பளவு தண்ணீரில் ஓடினேன். எனக்கு முதலில் வண்டி கண்ணில் படவில்லை, சத்தியமாக. இரண்டு பேருக்கும் உயிர் இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். ஒரு காயமும் இல்லை. சீட்டுவரை தண்ணீர். அலை ஓய்ந்து, சாய்ந்த தாமரை இலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து வண்டியைச் சுற்றி மூடிக்கொண்டன. ஒரு பூ கதவுக்கு மேலே எட்டிப் பார்த்தது. பர்வதம்மாள் அதைத் தொட்டுக்கொண்டு, வீட்டு ஊஞ்சலில் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். இறங்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

“பிரேக்கை அழுத்தினேன் சுடலை, மிதி உள்ளே போகவே இல்லை” என்று டாக்டர் சாமி மிதியிலிருந்து காலைத் தூக்கினார். அப்போதுதான் அவர் காலடியிலிருந்து, குடுமியோடு, அந்தத் தேங்காய் மெதுவாக மேலே மிதந்து வந்தது. பிரேக் மிதிக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது! மூன்று பேரும் அதையே பார்த்தோம். பத்திரமாகத் திரும்புவதற்காக வைத்த தேங்காய்.

“போறும். இனிமே ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன். நீயே ஓட்டு” என்றார் சாமி. என் சீட்டு எனக்கே திரும்ப வந்துவிட்டது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் கை பூவிலிருந்து எடுபட்டதைப் பார்த்தேன், எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் எட்டி அந்தத் தேங்காயை எடுத்தார், முந்தானையால் துடைத்தார். பிறகு என்னிடம்தான் பேசினார், சாமியிடம் இல்லை.

“உயிரோட இருக்கோமே, சாயங்காலம் இதைப் பிள்ளையாருக்கு உடைச்சுடலாம். மட்கார்டைச் சரிபண்ணி வை, சுடலை. அடுத்த தடவை தேங்காயை நான் மடியிலே வெச்சுக்கறேன்.”

சம்பளம்

உழவு மாடு கட்டி வண்டியை இழுத்தோம். ரேடியேட்டரிலிருந்து ஒரு கெண்டை மீன் எடுத்தேன். மட்கார்டை நிமிர்த்தினேன், கல்லில் பட்ட தழும்பு மட்டும் கடைசிவரை போகவில்லை.

வேலை முடிந்ததும், இனி அது அம்மாவுக்கான இடம் என்று சீட்டைத் துடைத்துவிட்டு ஊருக்குப் போக உத்தரவு கேட்டேன். டாக்டர் சாமி பதறிப்போனார். நோயாளி பார்க்கப் போக நான் வேண்டுமாம். அவர் தனியாக ஓட்ட மாட்டாராம். சரி, வெள்ளிக்கிழமை? அம்மா சொல்லிவிட்டதால் ஸ்டீயரிங்கில் அவர், பக்கத்தில் அம்மா, வேறு யாருக்கும் இடமில்லை. ஆனால் நான் பின்னால் வராமல் வண்டி நகராது. என் பழைய சைக்கிளைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஆள் அனுப்பிப் புதுச் சைக்கிள் ஒன்று வாங்கி வாசலில் நிறுத்தினார்.

“ஓட்டறது நான், பாக்கறது அவள். காயலுக்குள்ளேருந்து இழுக்கறது நீயாக்கும்.”

ஆகையால் சக டிரைவர்களே, மோட்டார் ஓட்டத் தெரிந்ததற்காக என்னை வேலைக்கு வைத்தார்கள், சைக்கிள் மிதிக்கத் தெரிந்ததால்தான் வேலையில் நிலைத்தேன்.