கலைச்செல்வியின் கல்யாணம் இருந்த டி டிரைவ்

மலைமேல் இருக்கும் வாழவந்தி நாட்டில் கல்யாணம் என்றால் படம் எடுக்க அடிவாரத்திலிருந்துதான் ஆள் வருவார்கள். மரவள்ளிக் காட்டு வேலைக்கு நடுவே கேமரா பழகிய சுமித்ராவை நம்பி முதன்முதலாக ஒரு கல்யாணத்தை ஒப்படைத்தவர் பக்கத்து வீட்டுக் கண்ணாயி. மகள் கலைச்செல்வியின் கல்யாணம். படங்களை வீட்டுக் கம்ப்யூட்டரின் டி டிரைவில் ஏற்றிவிட்டு, அடுத்து ஒரு காதுகுத்துக்காக மெமரி கார்டைக் காலி செய்திருந்தாள் சுமித்ரா.

அந்த நேரம் பார்த்துத்தான் கண்ணாயியின் மகன் சதீஷ்குமார் டைப்பிங் பழகக் கம்ப்யூட்டரை இரவல் வாங்கிப் போனான். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராத வீடு அது. குழம்புச் சட்டி போனால் நாலு வாழைப்பழத்தோடுதான் திரும்பி வரும்.

"பெட்டி ரொம்ப மெதுவா ஓடுச்சுங்கக்கா. சும்மா குடுக்கக் கூடாதுன்னு புது விண்டோஸ் போட்டுக் கொண்டாந்திருக்கேன்" என்றான், முகமெல்லாம் மலர.

சுமித்ரா திறந்து பார்த்தாள். சி இருந்தது. டி இல்லை.

"டி எங்கடா?"

"போடறப்ப எதையோ டெலீட் பண்ணட்டுமான்னு கேட்டுச்சு, சரின்னேன். இருங்கக்கா, புதுசா ஒரு டி பண்ணித் தாரேன்."

"கையை எடுடா! உங்கக்கா கல்யாணமே அதுலதான்டா இருந்துச்சு!"

அவன் கை அந்தரத்திலேயே நின்றது. சுமித்ரா கம்ப்யூட்டரை அணைத்தாள். கல்யாணத்தைத் தொலைத்தவள் என்று பேராகிவிட்டால் இனி இந்த மலையில் யார் கூப்பிடுவார்கள்? ஆனாலும் மறைக்க மனசு வரவில்லை. நேரே கண்ணாயியிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

கண்ணாயி மகனை முறைத்தார். "வாழப்பழம் வச்சுக் குடுத்தா ஆகாதாடா உனக்கு?" பிறகு சுமித்ரா பக்கம் திரும்பி, "அழுவாத கண்ணு. மறுபடி தாலி கட்டச் சொன்னா மாப்பிள்ளை ஓடிப்போயிருவாரு. கெளம்பு, வழி இருக்குதான்னு கேப்போம்" என்றார்.

மூவரும் பஸ் ஏறி அடிவாரத்துப் பேளுக்குறிச்சிக்குப் போனார்கள். வளைவுக்கு வளைவு பெட்டி ஆடாமல் மடியில் பிடித்துக்கொண்டு வந்தவர் கண்ணாயிதான். அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தனபால் முதலில் கேட்டது, "இதுக்கப்புறம் உள்ள ஏதாச்சும் போட்டீங்களா?"

"இல்லீங்கண்ணா. தொடவே விடல" என்றாள் சுமித்ரா.

"அப்பப் பொழைச்சீங்க. காடு அப்படியே இருக்கும், வரப்புதான் அழிஞ்சிருக்குது. வரப்பு போன தடத்தைத் தேடோணும்."

டிஸ்க்கை இன்னொன்றில் முழுசாகப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தார். முதல் தேடலில் ஒன்றும் அகப்படவில்லை. "இன்னும் ஆழமாத் தேடறேன், நேரமாகுமுங்க. போயி டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். ஒருவரும் நகரவில்லை. வெயில் சாயும்போது பழைய டி எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பது திரையில் வந்தது. அந்த எல்லையை மறுபடி எழுதி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்.

டி வந்துவிட்டது. உள்ளே கலைச்செல்வி மாலையும் கழுத்துமாக நின்றாள்.

சுமித்ரா தனபாலைக் கும்பிட்டாள். பெட்டியைச் சுமந்து வந்த கண்ணாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தைக்குக் கையை எடுத்தானே, அந்தச் சதீஷ்குமாரையும் நன்றியோடுதான் பார்த்தாள்.

கண்ணாயி படங்களைப் பார்த்து முடித்தார். "நல்லா எடுத்திருக்கற கண்ணு. இவன் கல்யாணத்துக்கும் நீயே எடுத்துரு. ஆனா அதுவரைக்கும் பெட்டிய இவன் கையில குடுத்துராத."