முறிந்தவனுக்கே காசு

வளைகுடா நாட்டின் தேராவில் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மணல் திடலில், வெள்ளிக்கிழமை மாலையானால் ரத்தம் பார்க்காமல் கூட்டம் கலையாது. பட்டாணியன், பஞ்சாபி, ராமநாதபுரத்துக்காரன் என்று அத்தனை பேரும் வட்டம் கட்டி உட்கார, நடுவில் குஸ்தி நடக்கும். ஜெயித்தவன் துண்டை ஏந்தி வட்டம் சுற்றுவான்; திர்ஹம் விழும். ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. எதிராளியின் எலும்பு முறிந்துவிட்டால் ஜெயித்தவனுக்குச் சல்லிக்காசு கிடையாது. அத்தனையும் முறிந்தவனுக்கே.

போன வாரம் அந்தக் கண்டிப்புதான் மாயாண்டியின் வாயில் மண்ணைப் போட்டது. அவன் கமுதிக்காரன், அல் குசைஸ் கேம்ப்பில் தங்கிக் கம்பி கட்டுகிறவன். லாரிக்காரன் தில்தாரை அவன் தூக்கி அடித்தபோது, விழுந்தவனின் வலது முழங்கை மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. நோட்டுகளெல்லாம் தில்தாரின் மார்பில் விழுந்தன. மாயாண்டிமேல் எச்சில்தான் விழுந்தது.

அவன் காசு தேடியது தனக்காக இல்லை. தாயும் தகப்பனும் போன பிறகு தோளில் தூக்கி வளர்த்த தங்கை கனகாவுக்காக. பிரான்சில் எண்ணூறு வருஷத்துப் பேராலயம் ஒன்றின் சுவரில், கல்தச்சர்கள் கொத்திவைத்த அடையாளங்களை ஆராயப் போகிறாள் அவள். புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு அங்கே ஓர் அறக்கட்டளை பாதிச் செலவைக் கொடுக்கிறது. மீதியைத் திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் வேறொருவருக்கு.

"ஏம் மாப்ள, நம்ம ஊர்ல கோயிலுக்கா பஞ்சம்? வேதக் கோயிலப் பாக்க வெள்ளக்காரன் தேசத்துக்குப் போவணுமாக்கும்?" என்று சீண்டினான் அறைத்தோழன் கௌஸ் முகைதீன்.

"அவ கோயில பாக்கப் போகலடா. அதக் கட்டுன கூலிக்காரனப் பாக்கப் போறா."

"அதுக்கு இந்த ரூமுக்கே வரலாமே, டிக்கெட்டு மிச்சம்!" என்று சிரித்த கௌஸின் முகம் சட்டென்று மாறியது. "இன்னக்கிப் போகாத மாப்ள. தில்தாரோட தம்பி ஷேர்பாஸ் கைக்குக் கை கேக்குறான். கை போனா வேல போச்சு. விசாவும் கலாஸ்."

மாயாண்டி துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

ஷேர்பாஸின் முதல் முட்டிலேயே மாயாண்டியின் மூக்கு கிழிந்தது. ரத்தம் வாய்க்குள் இறங்கி உப்புக் கரித்தது. அடுத்த அடி விலாவில். மாயாண்டியும் சளைக்கவில்லை, காலை வாரி, மணலில் அமுக்கி, ஷேர்பாஸின் கழுத்தை முழங்கையால் இறுக்கினான். இன்னும் ஒரு அமுக்கில் வெற்றி. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். ஒருவன் கையும் சட்டைப்பைக்குப் போகவில்லை. போன வாரம் எலும்பை முறித்தவனுக்கு யார் கொடுப்பார்கள்?

கனகாவின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. பிடியைத் தளர்த்தினான். தானாகவே இடது கையை நீட்டிக் கொடுத்தான்.

"தோட் பாய்! உடைடா!" என்று ஷேர்பாஸிடம் கத்தினான்.

வட்டத்தின் ஓரத்தில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த தில்தாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "சோட் தோ! விட்டுடு அவனை!" என்று கத்திக்கொண்டே எழுந்தான். ஆத்திரத்தில் இருந்த தம்பியின் காதில் அது ஏறவில்லை. கையை முறுக்கி முழங்காலில் வைத்து அழுத்தினான். பச்சை மூங்கில் பிளந்தது போன்ற சத்தம். மாயாண்டி போட்ட அலறலில் மீன் மார்க்கெட் காக்கைகள் எழுந்து பறந்தன.

நோட்டுகள் மழையாகக் கொட்டின.

கௌஸ் ஓடிவந்து அவன் தலையை மடியில் தாங்கினான். "பாவி, தங்கச்சி கேட்டா என்னடா சொல்லுவேன்?"

"பாதிய அவங்க குடுத்தாங்க, பாதிய நாம குடுத்தோம்னு சொல்லு."

மாயாண்டி எழுந்து நின்றான். ஒரு கையால் துண்டை ஏந்த முடியவில்லை; அது மணலில் புரண்டது. மறுமுனையை இன்னொரு கை பிடித்துத் தூக்கியது. தில்தாரின் இடது கை.

"பாகல்! பைத்தியக்காரா!" என்று திட்டினான் தில்தார். அவன் கண்கள் கலங்கியிருந்தன. "யல்லா, நட. அந்தப் பக்கம் இன்னும் பாக்கி இருக்கு."