இடறல் நின்ற பிறகு

பெட்ரீசியாவுக்குப் பயம் சின்ன வயதிலிருந்தே கூட வந்த சுபாவம். ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் இருக்கும் தன் வீட்டுக் கேட்டைப் பூட்டிக் காடியில் ஏறிய பிறகும், அடுப்பை அணைத்தோமா என்று இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவள் கணவன் டேரன் இதற்குப் பழகிப்போயிருந்தான். அவள் திரும்பி வரும்வரை காருக்குள்ளேயே ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பான். கணினி வேலைக்கு இந்தப் பயம் நல்லதுதான் என்று அவளாகவே தன்னைச் சமாதானம் செய்துகொள்வதுண்டு.

அவள் அப்பா அந்தோணிமுத்து சிலிம் ரிவர் பக்கத்து எஸ்டேட்டில் பால்மரம் சீவியவர். எஸ்டேட்டில் ரப்பர் மரங்களைச் சாய்த்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாக, காவல்காரராக இருந்தார். இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, அவருடைய சிறுநீரகம் இரண்டையும் தின்றுவிட்டது. இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பெட்ரீசியா வேலை பார்த்ததும் அவருக்கு டயாலிசிஸ் நடந்த அதே நிலையத்தில்தான். ஈப்போவிலும் பீடோரிலும் கிளை வைத்திருந்த சிறிய தனியார் நிலையம் அது. அங்குள்ள கணினிகள் எல்லாம் அவள் பொறுப்பு.

ஒவ்வொரு நோயாளிக்கும் உடம்பிலிருந்து எவ்வளவு நீர் இறக்க வேண்டும், ரத்தம் உறையாமல் இருக்க எவ்வளவு ஹெப்பாரின் மருந்து போக வேண்டும் என்பதெல்லாம் ஒரே சர்வரில் இருந்தது. நாற்காலிக்குப் பக்கத்துத் திரையில் அதைப் பார்த்துத்தான் நர்சுகள் இயந்திரத்தில் எண்களை வைப்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலை அவள் வழக்கமாகப் படிக்கும் பாதுகாப்பு அறிவிப்புகளில் அது வந்திருந்தது. அவர்கள் சர்வரில் ஓடும் இயங்குதளத்தின் கெர்னலில், அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்து இயந்திரத்தை ஆளும் பகுதியில், ஓர் ஓட்டை. கெர்னல் ஒரு வேலைக்காக நினைவகத்தில் கொஞ்சம் இடம் எடுக்கும், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். இந்தப் பிழையில், கொடுத்த பிறகும் அந்த இடத்தின் முகவரியைக் கைவிடாமல் வைத்திருந்து மறுபடியும் அங்கே போய்ப் படித்தது. நடுவில் எவனாவது அதே இடத்தில் தன் சரக்கைக் கொண்டுவந்து வைத்திருந்தால், அதையும் தன்னுடையதென்று நம்பி, அது சொன்னபடி நடந்துவிடும். சாதாரண அனுமதியோடு உள்ளே வந்தவன் முழு இயந்திரத்துக்கும் முதலாளி ஆகிவிடலாம். எப்படிச் செய்வது என்பதையும் யாரோ இணையத்தில் போட்டுவிட்டிருந்தார்கள்.

திருத்தம் தயாராக இருந்தது. ஆனால் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினால்தான் அது ஏறும். பெட்ரீசியா மேலாளர் யுகேந்திரனிடம் போய் அன்றைக்கே செய்துவிடலாம் என்றாள்.

"ஞாயித்துக்கெழம செய்யலாம் லா," என்றார் அவர். "போன தடவ நிறுத்துனப்ப அது எழுந்திரிக்கவே இல்ல. பேஷண்டுங்க வெளிய காத்துக்கிட்டுக் கெடந்தாங்க, மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. வீல்சேரில் உட்கார்ந்து மூச்சுவாங்கிக்கொண்டிருந்த கிழவர்களின் முகம்கூட ஞாபகம் இருந்தது. சரி அண்ணே என்று சொல்லிவிட்டு வந்தாள். சாதாரண அனுமதி யார் யாருக்கு இருக்கிறது என்று பார்த்தாள். டாக்டர்கள், நர்சுகள், எல்லாரும் தெரிந்தவர்கள். ஒன்றுதான் உறுத்தியது. நோயாளிகள் தங்கள் முறையைப் பதிவுசெய்யும் இணையப் பக்கமும் அதே சர்வரில் ஒரு கணக்கின் பேரில் ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தில் எவனும் வந்து தட்டக்கூடிய கதவு அது. அதை மூடலாமா என்று கேட்டதற்கு, ஞாயிறு வரை பொறு என்றார் யுகேந்திரன்.

புதன்கிழமை காலை அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஊசி ஏறும்வரை நின்று பார்த்துவிட்டுத் தன் அறைக்கு வந்தாள். கெர்னல் தனக்கு நடப்பதையெல்லாம் எழுதி வைக்கும் பதிவைத் திறந்தாள். கெர்னல் தப்பான முகவரியைத் தொட்டு இடறியிருந்தது. இடறவைத்தது இணையப் பக்கத்தின் கணக்கு.

வேறு ஏதாவது கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு இடறல் வந்து விழுந்தது. சிறிது நேரத்தில் மூன்றாவது.

யாரோ ஒருவன், எங்கேயோ உட்கார்ந்து, அந்த இடத்தில் தன் சரக்கை வைத்துப் பார்க்கிறான். குறி தப்பும்போதெல்லாம் கெர்னல் இடறிக் குரல் கொடுக்கிறது. நான்காவதற்காக அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. குறி சரியாக விழுந்தால் இடறல் இருக்காது, பதிவில் ஒரு வரியும் இருக்காது என்று அறிவிப்பில் படித்தது அப்போதுதான் உறைத்தது. அவன் சலித்துப்போய் விட்டுவிட்டானா, உள்ளே வந்துவிட்டானா?

யுகேந்திரனுக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள், எடுக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் ரத்தம் குழாயில் ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஹெப்பாரின் போக வேண்டும் என்று சொன்னது இந்த சர்வர்தான்.

அவள் எழுந்துபோய் சர்வர் அலமாரியைத் திறந்தாள். மின்சாரத்தை நிறுத்தவில்லை, நிறுத்தினால் வந்தவன் தடம் அழிந்துபோகும். இணையத்துக்குப் போகும் கேபிளையும் சிகிச்சைக் கூடத்துக்குப் போகும் கேபிளையும் பிடுங்கினாள். கூடத்தில் எல்லாத் திரைகளும் ஒரே நேரத்தில் நின்றுபோயின.

தலைமை நர்ஸ் மங்களம் வேகமாக வந்தார். பெட்ரீசியா அவரை ஓரமாகக் கூட்டிப்போய், திரையில் பார்த்து வைத்த எண்களை நம்ப வேண்டாம் என்றாள்.

"எந்த நம்பர் தப்பு?"

"தெரியலக்கா. தப்பு இருக்கான்னே தெரியல. யாரோ உள்ள வந்திருக்கலாம்."

மங்களம் ஒரு நர்ஸை டாக்டருக்குப் போன் போடச் சொல்லிவிட்டு, முதல் நாற்காலிக்குப் போனார். ஒவ்வொரு இயந்திரமாக நின்று எண்ணைப் படித்து, போனில் டாக்டரிடம் கேட்டு ஒப்பிட்டார். நோயாளிகள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்தோணிமுத்துவின் எண்கள் சரியாக இருந்தன. பெட்ரீசியா மூச்சை விடுவதற்குள் காளியம்மா என்ற அம்மாளின் நாற்காலியில் மங்களம் நின்றுவிட்டார். மருந்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு.

மருந்துப் பம்பை உடனே நிறுத்தினார்கள். காளியம்மாவுக்கு எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்த்தார்கள். அந்த அம்மாள் ஒன்றும் புரியாமல், என்ன ஆச்சு என்று பெட்ரீசியாவைப் பார்த்துக் கேட்டார். ஞாயிறு என்று யுகேந்திரன் சொன்னதும் தலையாட்டிவிட்டு வந்தோமே என்பது மட்டுமே அவள் மண்டைக்குள் ஓடியது.

போனில் டாக்டரின் குரல் கேட்டது. போன முறை காளியம்மாவின் வடிகட்டியில் ரத்தம் உறைந்துவிட்டதால், முந்தின நாள் தானேதான் அளவைக் கூட்டினாராம். மங்களத்துக்கு அது இன்னும் தெரிந்திருக்கவில்லை. பம்பை மறுபடி ஓடவிட்டார்கள். பெட்ரீசியா எடை பார்க்கும் மேடையின் ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகுதான் யுகேந்திரன் திருப்பி அழைத்தார்.

"கேபிள புடுங்கிட்டேன் அண்ணே," என்றாள்.

"நல்லது செஞ்ச," என்றார் அவர். "நாந்தான் ஞாயிறுன்னு சொன்னேன். நானே மேல பேசிக்கிறேன்." சொன்னபடியே நிர்வாகத்திடம் பேசவும் செய்தார்.

கோலாலம்பூரில் உள்ள கணினிப் பாதுகாப்பு நிறுவனத்திலிருந்து ஷாமினி என்ற பெண் வந்து சர்வரை ஆராய்ந்தாள். முயன்றவன் இணையப் பக்கத்தின் வழியாக நுழைந்து, கெர்னலின் ஓட்டையைத்தான் நோண்டியிருக்கிறான் என்பது உறுதியானது. மூன்றாவது முறைக்குப் பிறகு என்ன நடந்தது என்று பெட்ரீசியா விடாமல் கேட்டாள். உள்ளே வந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை, அதற்காக வரவே இல்லை என்று தன்னால் கையெழுத்துப் போட முடியாது என்றாள் ஷாமினி. சர்வரை முழுக்க அழித்து, திருத்தத்தோடு புதிதாக ஏற்றினார்கள். டாக்டர் ஒவ்வொரு நோயாளியின் அளவையும் தானே பார்த்து மறுபடி பதிந்தார். இணையப் பக்கம் வேறோர் இயந்திரத்துக்குப் போனது.

முன்பெல்லாம் பதிவு சுத்தமாக இருந்தால் பெட்ரீசியா நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போவாள். இப்போது சுத்தமான பதிவைப் பார்த்தாலும் நாற்காலியை விட்டு எழ மனம் வருவதில்லை. இரண்டாவது தடவை பார்ப்பாள். பிறகும் நம்பிக்கை வராது. வேலையை விட்டுவிடேன் என்று டேரன் ஒருமுறை சொன்னான். விட்டால் அந்தப் பதிவை யார் பார்ப்பார்கள் என்று அவள் கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அப்பாவுக்கு ஊசி ஏறிய பிறகும் அவள் பக்கத்திலேயே நின்றாள்.

"என் மெஷின்ல நம்பர மாத்தியிருப்பானுங்களா?" என்று அந்தோணிமுத்து கேட்டார்.

"பாத்தோம்பா. சரியாத்தான் இருந்துச்சு."

"அப்பறம் ஏன் நிக்கிற? போயி வேலயப் பாரு."

போகிறேன் என்றாள். ஆனால் திரையில் இருந்த எண்ணையும் இயந்திரத்தில் இருந்த எண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அப்பா அதைக் கவனித்துவிட்டு, ஊசி குத்தாத கையை அவள் பக்கம் நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள்.