பெரியம்மா வீட்டு இத்தாலி பாட்டில்

என் வாழ்க்கையில் நான் முதன்முதலாக மனதார வெறுத்தது மனிதர் யாரையும் இல்லை, ஒரு பாட்டிலை. அப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆம்பூரில் பெரியப்பா வீட்டு ஷோகேஸில், ஞானஸ்நான போட்டோவுக்கும் பீங்கான் வாத்துக்கும் நடுவே, தலைக்கு மேல் ஒரு குட்டி பல்பு எரிய, அது மகாராணி மாதிரி நின்றுகொண்டிருந்தது.

அந்த வைன் பாட்டிலைக் கொடுத்தவர் ஓர் இத்தாலிக்காரர். பெரியப்பாவும் அப்பாவும் வேலை பார்த்த ஷூ கம்பெனிக்கு, தைத்து முடித்த சரக்கைச் சரிபார்த்து வாங்கிப்போக வருகிறவர். பெரியப்பா ஆபீஸ் மேனேஜர். அந்த இத்தாலிக்காரரைக் காரில் ஏற்றி இறக்கியவர். அப்பா மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் ஃபினிஷிங் பிரிவில் நாள் முழுக்க நிற்கிறவர். பாட்டில் எந்த வீட்டுக்குப் போகும் என்று கேட்கவா வேண்டும்?

பெரியம்மா அந்தக் கதையைப் பால்காரரிடம்கூடச் சொல்லி முடித்திருந்தாள். “கடையில வாங்குனது இல்ல, அவங்க சொந்தத் தோட்டத்துது. மலைச் சரிவு பூரா திராட்சைக் கொடியாம். அவரோட தாத்தாவுக்குத் தாத்தா நட்டதாம். இன்னிக்கும் அண்ணன் தம்பி எல்லாம் ஒண்ணாக் கூடித்தான் பறிக்கிறாங்க. வீட்டுக்கு அடியிலயே பாதாள அறை. மரப் பீப்பாய்ல வருசக்கணக்கா ஊறுது.” பாட்டில் மேல் ஒட்டியிருந்த தாளில் அந்தக் கல் வீடும், அதைச் சுற்றி ஊசி ஊசியாய் மரங்களும், கீழே சுழித்து எழுதிய அவர்கள் குடும்பப் பெயரும் இருந்தன. நான் கிட்டப் போய்ப் பார்த்தால், “மூக்கு படப் போவுது, தள்ளி நில்லு” என்று ஷோகேஸ் கண்ணாடியைத் துடைப்பாள். எனக்கு வயிறு எரியும்.

எரியாமல் என்ன செய்யும்? எங்கள் குடும்பத்தில் வைன் என்றால் அது அம்மாவுடையது. கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்பே பன்னீர் திராட்சை வாங்கி, சர்க்கரையும் கிராம்பும் பட்டையும் ஒரு பிடி கோதுமையும் போட்டு, பீங்கான் ஜாடியின் வாயைத் துணியால் கட்டி வைப்பாள். தினமும் மரக்கரண்டியால் கிளறி, பிறகு வடிகட்டிப் பழைய ஜூஸ் பாட்டில்களில் நிரப்புவாள். நிச்சயதார்த்தம், கல்யாணம், வீடு குடிபுகல் எதுவானாலும் கேக்கோடு அம்மாவின் வைன்தான் வரும். அதற்காக யாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியதில்லை. அத்தை வருஷம் தவறாமல் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, “நல்லாதான் கீது, சக்கரை கொஞ்சம் ஜாஸ்தி” என்பாள். அம்மா சிரித்துக்கொள்வாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பெரியப்பா மகளுக்கு, அதாவது எங்கள் அக்காவுக்கு, நிச்சயதார்த்தம் வைத்தார்கள். மாப்பிள்ளை வேலூர். மாப்பிள்ளையின் அம்மா ஆஸ்பத்திரியில் பெரிய நர்ஸ். எதிலும் லேசில் திருப்திப்படாதவர் என்று பேச்சு. அதற்கு முந்தின வாரம் பெரியம்மா அம்மாவுக்கு போன் செய்தாள். “இந்த வாட்டி உன் வைன் வேணாம்மா. சம்பந்தி வீட்டுக்காரங்க வர்றாங்க. அந்த இத்தாலி பாட்டிலையே திறந்துடலாம்னு இருக்கேன். அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்.”

அம்மா, “சரிக்கா” என்றாள். போனை வைத்துவிட்டு, ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள். விசேஷத்தன்று காலையில் தன் ஜூஸ் பாட்டில் ஒன்றைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். எதுக்கு என்று அப்பா கேட்டதற்கு, “பசங்களுக்கு இருக்கட்டும்” என்றாள். பையை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு போனேன். அந்த இத்தாலி பாட்டில் கைதவறி உடைந்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஏசப்பாவிடம் கேட்டுக்கொண்டே போனேன்.

பாஸ்டர் ஜெபம் செய்துவிட்டு வேறொரு வீட்டுக்குக் கிளம்பினார். கேக் வெட்டியாயிற்று. ஹாலில் எல்லோரும் கையில் கேக்கோடு காத்திருந்தார்கள். பாட்டிலின் கார்க்கை எப்படி எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. பெரியப்பா ஸ்க்ரூ டிரைவரால் அதை உள்ளே தள்ளிவிட்டு, “சீக்கிரம் ஊத்திக் கொண்டாங்க” என்று ஹாலுக்குப் போனார். சமையலறையில் பெரியம்மாவும் அம்மாவும் மட்டும் இருந்தார்கள். நான் கதவோரம்.

பெரியம்மா ஒரு கரண்டியில் ஊற்றி வாயில் வைத்தாள். முகம் சுருங்கிப்போயிற்று.

“ஐயையோ, கெட்டுப் போச்சு!”

அம்மாவும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். “இன்னாக்கா இது, தோல் ஊற வெக்கிற பட்டைத் தண்ணி மாதிரி துவர்க்குது.”

நல்ல வைன் அப்படித்தான் துவர்க்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எங்களுக்கு வைன் என்றால் இனிக்க வேண்டும். “அந்தப் பாழாப் போன பல்பு சூட்டுலதான் கெட்டிருக்கும். இப்ப அந்தம்மா மூஞ்சில எப்படி முழிப்பேன்?” என்று பெரியம்மா கைகளைப் பிசைந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கோ குதிக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கத்தான் கேட்டேன், ஏசப்பா அதைவிட நன்றாகவே செய்திருக்கிறார்! இனி அம்மாவின் பாட்டில்தான் ஹாலுக்குப் போயாக வேண்டும். ‘இது எங்க அம்மா பண்ணது’ என்று நானே சொல்வேன்.

அம்மா பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்தாள். பிறகு, இத்தாலி வைனை ஒரு சொம்பில் கவிழ்த்தாள். அடுப்பு மேடையில் கிடந்த புனலை எடுத்து, தன் வைனை அந்த இத்தாலி பாட்டிலில் ஊற்ற ஆரம்பித்தாள். காலியான ஜூஸ் பாட்டிலில் சொம்பிலிருந்ததை ஊற்றி மூடி, பழையபடி துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, “எடுத்துட்டுப் போங்கக்கா” என்றாள்.

ஹாலில் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. சம்பந்தியம்மா ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். “வெளிநாட்டுதுன்னா தனிதாங்க. நம்ம ஊர்லயும் பண்றாங்களே, வெறும் சக்கரைத் தண்ணி!” மாப்பிள்ளை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “நாலஞ்சு தலைமுறைக் கைப்பக்குவம் இல்லியா” என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக எங்கள் அத்தை. இரண்டாவது டம்ளரை நீட்டிக்கொண்டே, “தேனாட்டம் இறங்குது. சக்கரை பாரு, அளவா போட்டுக்கீறான்” என்றாள்.

“அத்தை, அது...” என்று ஆரம்பித்தேன். என் தோளில் அம்மாவின் கை விழுந்து அழுத்தியது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அத்தையின் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு மூலையில் நின்று தன் டம்ளரைக் குடித்து முடித்துக் கீழே வைத்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் நான் வெடித்துவிட்டேன். “நீ பண்ணதைப் போய் அவனுதுன்னு சொல்றாங்க! நீ ஏம்மா ஊத்துன? பெரியம்மா நல்லா அவமானப்பட்டிருக்கணும்!” அம்மா உள்ளே போனாள். அப்பாதான் சிரித்தார்.

“எனக்கு முதல் வாய்லயே தெரிஞ்சு போச்சு பாப்பா. உங்கம்மா கிராம்பு எனக்குத் தெரியாதா?”

“அப்ப நீங்க ஏன் சொல்லலை?”

“நான் கம்பெனில இன்னா வேலை பாக்குறேன்? நம்ம ஊர்ப் பொம்பளைங்க உக்காந்து ஷூ தைக்கிறாங்க. நான் அதுக்கு உள்ள அந்த இத்தாலிக் கம்பெனி பேரைத் தங்க எழுத்துல அடிக்கிறேன். பேரு விழுந்தாத்தான் விலை. தினம் நடக்கிறதுதான, இன்னிக்கு வைன்ல நடந்துது.”

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவின் நகக்கண்களில் எப்போதும் அந்தத் தங்க நிறப் பொடி ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்தில், ‘எங்கப்பா தங்கத்துல வேலை பண்றாரு’ என்று நான் பீற்றிக்கொண்டதுண்டு.

அம்மா பையிலிருந்து ஜூஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள், கொட்டிவிட. அப்பா, “இரு, இரு” என்று வாங்கி ஒரு டம்ளரில் ஊற்றிக்கொண்டார். முகம் சுளித்தது. ஆனாலும் வைக்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். வாசல்படியில் உட்கார்ந்து டம்ளரை மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருந்தார். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

“கொட்டிடுங்க, கெட்டுப் போனது” என்றாள் அம்மா.

“கெட்டுப்போவல. அவங்க சரக்கே இப்படித்தான் போல” என்றார் அப்பா. பிறகு எங்கள் இருவரையும் பார்க்காமல், “அவங்க தோட்டம், அவங்க பழம், அவங்க கையாலயே பண்ணி, மேல அவங்க பேரையே ஒட்டிக்கிறாங்க பாரு. குடுத்து வெச்சவங்க” என்றார்.

அம்மா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கித் தானும் ஒரு வாய் குடித்தாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் பேரையே தட்டிக்கொண்டு போன அந்தப் புளித்த தண்ணீரை, பெற்ற தகப்பன் உட்கார்ந்து புகழ்கிறாரே! நல்ல மனிதர்தான், ஆனால் இவருக்குப் பொறாமைப்படவே தெரியாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.